விடுமுறை முடிந்த வீடு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. வீடு ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. நான் நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம் இது. ஆனால் போன விடுமுறையை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. பெரிய பிரச்சினை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடிதடி, குடி என்று எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. உங்களுக்கு வரும் கடிதங்களுக்கு நடுவில் இது சின்ன விஷயமாகத் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள்.

எனக்கு 41 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 14, மகனுக்கு 9. மகளுக்கு இனிமேல் படிப்புச் சுமை கூடும். நான்கு பேரும் சாவகாசமாகச் சேர்ந்திருக்கக் கிடைக்கும் கடைசிக் கோடையாகக்கூட இது இருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். அதனால் மூன்று மாதம் முன்பே திட்டம் போட ஆரம்பித்தேன். ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாரம் லீவு வாங்கினேன். பெரிய சார்ட் பேப்பரில் 24 விஷயங்களை எழுதி, கலர் பேனாவால் கட்டம் போட்டு, ஹாலில் ஒட்டினேன். சின்னவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பது, பழைய போட்டோக்களை எடுத்து ஆல்பம் செய்வது, மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது, ராத்திரி ஆளுக்கொரு கதை சொல்வது, நான்கு பேரும் ஒரே நோட்டில் டைரி எழுதுவது, தினமும் ஒரு மணி நேரம் யாரும் போனைத் தொடாமல் இருப்பது. இதெல்லாம் அந்த சார்ட்டில் இருந்தது. இதில் ஒன்றும் நடக்கவில்லை. 24-ல் நடந்தது ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டை நான் மட்டும்தான் செய்தேன்.

என் ஆதங்கம் இதுதான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒருத்தி இவ்வளவு யோசித்து, எழுதி, ஒட்டியிருக்கிறாளே, ஒன்றையாவது நாமே ஆரம்பிப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணவர் லீவே போடவில்லை. கேட்டால் "இப்போ முடியாதும்மா, உனக்கே தெரியுமே" என்பார். எனக்குத் தெரியும். எனக்கும் முடியாதுதான். நான் போட்டேனே! ஞாயிற்றுக்கிழமை மெதுவாக எழுந்து வந்து "இன்னிக்கு என்ன பிளான்?" என்று கேட்பார், விருந்தாளி மாதிரி. பத்து நிமிடம் பிள்ளைகளோடு ஏதாவது கேலி பேசுவார். வீடே சிரிக்கும். அப்புறம் அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பத்து நிமிடம் வந்து சிரிக்கவைக்கிறவர் நல்லவர், நாள் முழுக்க கூடவே இருக்கிறவள் தொல்லை. எந்த ஊர் நியாயம் இது?

மகள் எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். தாழ் போடமாட்டாள், ஆனால் சாத்தியிருக்கும். தட்டினால், "கொஞ்ச நேரம் தனியா இருக்கேனேம்மா" என்பாள். எதற்குத் தனியாக? நாங்கள் என்ன அவளைக் கடித்தா தின்றுவிடப் போகிறோம்? போன வருடம் வரை என் பின்னாலேயே சுற்றியவள். என்ன செய்கிறாள் என்று சாக்கு வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். சும்மா படுத்திருப்பாள். சும்மா படுத்திருப்பதை என் பக்கத்தில் படுத்திருக்கக் கூடாதா?

சின்னவன் வேறு மாதிரி. தரையில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "போரடிக்குதும்மா" என்பான். சார்ட்டைக் காட்டி "இதுல ஒண்ணு எடு" என்றால், "அது வேண்டாம்" என்பான். எது வேண்டும் என்றும் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது தடவை இதே பேச்சு. எனக்கு மண்டை காய்ந்துவிடும். இதற்கு நடுவில், என் அம்மா வந்திருந்த சமயம், இரண்டு நாள் நானே ஆபீஸில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆபீஸுக்குப் போகவில்லை, ஒரு நூலகத்தில் போய் நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தலைவலி தாங்க முடியவில்லை, அதனால்தான். இரண்டாவது நாள் செருப்பு மாட்டும்போது சின்னவன் "லேப்டாப் எடுத்துக்கலையாம்மா?" என்றான். "அங்கேயே ஒண்ணு இருக்குடா" என்றேன். "சரி" என்று போய்விட்டான். அதை விடுங்கள், சொல்ல வந்தது வேறு. அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் உள்ளே. மகன் ஏதோ விளையாட்டில். என்னவோ நான் காற்றாக உள்ளே வந்த மாதிரி. வந்தாளா, போனாளா, ஏன் முகம் வாடியிருக்கிறது, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கடைசி நாள்தான் உச்சம். மறுநாள் பள்ளி. ராத்திரி பத்து மணிக்குத்தான் மகனின் பள்ளிப் பையைக் காணோம் என்று தெரிகிறது. மகளோ சீருடை சின்னதாகிவிட்டது என்று அப்போதுதான் போட்டுப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கத்தினேன். "ஒன்றரை மாதம் உங்களுக்காக நான் என்னவெல்லாம் யோசிச்சேன்!" என்று சொல்லி சார்ட்டைச் சுவரிலிருந்து கிழித்துப் போட்டேன். மகள் நிதானமாகச் சொன்னாள், "அது உன் லீவும்மா. எங்க லீவு இல்ல." பெற்ற தாயைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? கணவர் "விடு, சின்னப் பசங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கு எல்லாமே ஒரே வரிதான்.

இப்போது பள்ளி, ஆபீஸ் என்று பழையபடி ஓடுகிறது. காலையில் நிற்க நேரமில்லை. அதில் சின்னவனுக்கு ஒரு புதுப் பழக்கம் வேறு. நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து "இன்னிக்கு ஆபீஸ்தானே?" என்று கேட்பான். ஆமாம் என்பேன். மறுநாளும் அதே கேள்வி. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தினம் தினம் என்னடா கேள்வி இது?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து கேட்பதில்லை. என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கொடுக்கிறான். உதவி செய்யும் புத்தி வந்தால் நல்லதுதான், அதையாவது இந்த விடுமுறையில் கற்றுக்கொண்டானே என்று நினைத்துக்கொள்கிறேன்.

மகளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவருவது எப்படி? கணவருக்குப் பொறுப்பு வர என்ன செய்ய வேண்டும்? அடுத்த விடுமுறையாவது இப்படி வீணாகாமல் இருக்க எப்படித் திட்டமிடலாம்? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும். நான் செய்ததில் ஏதாவது தப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஓர் அம்மா

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள்மேல் பாவமாக இருந்தது. இரண்டாவது முறை உங்கள் கணவர்மேல் கோபம் வந்தது. மூன்றாவது முறை பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். முதல் கோடு "அதை விடுங்கள்" என்று நீங்கள் எழுதிய இடத்தில். என் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் "அதை விடுங்க" என்று கையை வீசும்போதுதான் நான் நிமிர்ந்து உட்காருவேன். தொழில் புத்தி. அதனால் மன்னிக்க வேண்டும், அதை நான் விடப் போவதில்லை.

இரண்டாவது கோடு, மகன் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிற இடத்தில். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உங்கள் கடிதத்தில் எவ்வளவோ இருக்கிறது. கிழிந்த சார்ட் இருக்கிறது, சின்னதாகிப்போன சீருடை இருக்கிறது. அதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். "லேப்டாப் எடுத்துக்கலையாம்மா?" "சரி." "இன்னிக்கு ஆபீஸ்தானே?" அப்புறம் பை.

அவன் உதவி செய்யவில்லை அம்மா. கனம் பார்க்கிறான். உள்ளே லேப்டாப் இருக்கிறதா என்று.

நான் உங்கள் மகனைப் பார்த்ததில்லை. அவன் மனதில் இருப்பது இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வாயால் கேட்டதற்குத் திட்டு விழுந்தது, அதற்கப்புறம் கை கேட்க ஆரம்பித்தது என்ற வரிசை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான் எதையும் சேர்க்கவில்லை.

ஒன்பது வயதுக்கு அவ்வளவு தெரியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். 1983-ல் ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளிடம் ஒரு சின்னக் கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இது பிடிபடவில்லை. சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தைத்தான் காட்டினார்கள். ஆறு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர், அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் மனதில் உண்மைக்கு மாறான ஒன்று இருக்க முடியும் என்பது அந்த வயதிலேயே புரிந்துவிடுகிறது. உங்கள் பையன் அதைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. அம்மா சொன்னது உண்மையில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். தனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த "சரி"க்குள் இவ்வளவும் இருந்திருக்கலாம்.

அன்று மாலை நீங்கள் திரும்பி வந்தபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று மிகவும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு முறையை உருவாக்கினார். அம்மா அறையை விட்டுச் சில நிமிடங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அம்மா வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் எயின்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தார். சில குழந்தைகள் அம்மா வந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. பொம்மையைப் பார்த்தபடியே இருந்தன. பார்க்கிறவர்களுக்கு, அப்பாடா, எவ்வளவு சமர்த்து என்று தோன்றும். 1977-ல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் இருவரும் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வை வெளியிட்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாத அந்தக் குழந்தைகளின் நெஞ்சும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு வயதுக் குழந்தையையும் உங்கள் மகனையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். விளையாட்டு மும்முரத்தில் நிஜமாகவே உங்களைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நிமிர்ந்து பார்க்காத பிள்ளையை "இவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் அன்று உங்களைப் பற்றி ரொம்ப யோசித்துக்கொண்டிருந்த ஆள் அவனாகக்கூட இருக்கலாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் நூலகத்துக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதில்தான் உறுத்தல். டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார், பிறகு உளப்பகுப்பாய்வாளர் ஆனார். 1949-ல் வெளியான ஒரு கட்டுரையில், ஒரு தாய்க்குத் தன் குழந்தைமேலேயே வெறுப்பு வர 18 காரணங்களை அவர் வரிசையாக எழுதினார். எரிச்சல் என்று மென்மையாகச் சொல்லவில்லை, வெறுப்பு என்றே சொன்னார். மோசமான தாய்களைப் பற்றி எழுதியதும் இல்லை அது. குழந்தையைச் சீராக வளர்க்கும் சாதாரணத் தாயைப் பற்றியது. அந்த உணர்ச்சி வரும், அதைத் தெரிந்துகொண்டே குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் அவர் சொன்னது. நீங்களோ வெறுப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. நான்கு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த நான்கு மணி நேரம் உங்களுக்குப் பிடித்திருந்தது. அதை நீங்கள் எழுதவில்லை. தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவலி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும், யாரென்றே தெரியாத என்னிடம்கூட ஒரு காரணம் காட்டாமல் உங்களால் அதைச் சொல்ல முடியவில்லை பாருங்கள். மூன்று மாதம் திட்டம் போட்ட விடுமுறையில் எனக்கு உண்மையிலேயே பிடித்த நேரம் பிள்ளைகள் இல்லாத நேரம்தான் என்றால், நான் எப்படிப்பட்ட அம்மா? இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சார்ட், கணவர், கதவு என்று இத்தனை பேரையும் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. களைத்துப்போன அம்மா. வேறொன்றும் இல்லை.

பொய் சொன்னதுதான் வேறு கணக்கு. அதில் நான் உங்கள் பக்கம் இல்லை.

உங்கள் மகளைப் பாருங்கள். "கொஞ்ச நேரம் தனியா இருக்கேனேம்மா" என்று வாயால் கேட்டாள். கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை. தாழ் போடவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவளுக்கு என்ன தேவைப்பட்டதோ அதேதான் உங்களுக்கும் தேவைப்பட்டது. அவள் கேட்டு எடுத்துக்கொண்டாள், நீங்கள் கேட்காமல் வாசலைத் தாண்டிப் போய் எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் கடிதத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவள்! இந்த ஒரு விஷயத்தில் 14 வயதுப் பெண் உங்களைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறாள். இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதே வின்னிகாட் 1958-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார், தனியாக இருக்கும் திறனைப் பற்றி. தனியாக இருக்க ஒரு பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் என்கிறார் அவர். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள், ஆனால் இப்போது என்னிடமிருந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அந்தத் தெம்பில்தான் பிள்ளை சும்மா இருக்கிறது. நீங்கள் சாக்கு வைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தபோது உங்கள் மகள் சும்மா படுத்திருந்தாள். சின்னவன் தரையில் கிடந்து ஃபேனைப் பார்த்தான். நீங்கள் வீணாய்ப் போனது என்று எழுதியிருக்கும் அந்தப் பகல்களில், இரண்டு பிள்ளைகள் உங்களை நம்பி ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து எத்தனையோ வீடுகளில் அப்படிப் படுத்திருக்க முடியாது. சின்னவன் "போரடிக்குது" என்றது உங்களிடம் விண்ணப்பம் போட்டதாகவும் தோன்றவில்லை. சில பிள்ளைகள் அதை மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வார்கள். "ஆமாண்டா" என்றால் போதும்.

அந்த வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போனது ஒரே ஓர் ஆளுக்குத்தான். அவர் 24 கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது உன் லீவும்மா" என்று மகள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. அது உங்கள் லீவாகவும் இருக்கவில்லை. ஆபீஸில் கெஞ்சி வாங்கிய அந்த இரண்டு வாரமும் நீங்கள் மேற்பார்வையாளர் வேலை பார்த்திருக்கிறீர்கள். உங்கள் லீவு மொத்தம் எட்டு மணி நேரம், ஒரு நூலகத்தில். அதையும் திருடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. 24-ல் ஐந்து நடந்தது என்கிறீர்கள். அந்த ஐந்து எவை? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். நடக்காத 19-ல் ஆறைப் பெயர் சொல்லி வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நடந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முறை, 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி கையை எடுக்கக் கூடாது, ஆனால் அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். இதில் எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, நினைவில் அதுவே நின்றது. உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ஒன்றரை மாதத்துக்கும் சேர்த்து அந்தப் பத்து மணிச் சண்டையை வைத்து மதிப்பெண் போட்டுவிட்டீர்கள். பிள்ளைகளும் அப்படியே போட்டிருக்கக்கூடும், அது வேறு கவலை.

கணவரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்றரை மாதத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதது சரியில்லை. அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது பிள்ளைகளுக்கான லீவு மட்டுமில்லை. "எனக்கு ஒரு நாள் வேண்டும், நீங்கள் வீட்டில் இருங்கள்" என்று அவரிடம் எப்போதாவது நேராகக் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டு அவர் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அவருக்குத் தனியாக இருக்கிறது.

இப்போது சின்னவன். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

காலை அவசரத்தில் வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகோ, அவனோடு எங்காவது நடந்து போகும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரமாக இருந்தால் இருவருக்கும் சுலபம். உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். ஏறக்குறைய இப்படி: "அன்னிக்கு நான் ஆபீஸ் போகலடா. நூலகத்துல போய் உக்காந்திருந்தேன். எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்போல இருந்துச்சு. உன்மேல கோபம் இல்ல. ஆனா உங்கிட்ட பொய் சொன்னேன், நீ கேட்டப்பவும் சொன்னேன். அது என் தப்பு. வாசல்ல நீ கேட்டதுக்குத் திட்டுனதும் தப்பு." இதோடு நிறுத்திவிடுங்கள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று துருவ வேண்டாம். அழுது அவனை ஆறுதல் சொல்ல வைக்க வேண்டாம். "அப்பாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் நீங்கள் அவனிடம் கொடுப்பது இன்னொரு கனமான பை.

அவன் மறுபடியும் "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான் என்றே நினைக்கிறேன். படுக்கட்டும். மறுநாள் காலையிலும் பையைத் தூக்குவான். தூக்கட்டும். சொன்ன ஒரே ராத்திரியில் நம்பிக்கை திரும்பாது. இன்னும் சில வாரம் கனம் பார்த்துவிட்டு, அவனே ஒரு நாள் மறந்துவிடுவான். மறக்காமல் தூக்கம் கெடுகிறது, பள்ளிக்குப் போக அடம் பிடிக்கிறான், உங்களை விட்டு நகர மறுக்கிறான் என்றால் மட்டும், குழந்தைகளைப் பார்க்கும் ஆலோசகர் ஒருவரிடம் நேரில் அழைத்துப் போங்கள்.

மகளை வெளியே கொண்டுவரும் வழியைக் கேட்டிருந்தீர்கள். அவளை வெளியே கொண்டுவர வேண்டாம். ஒரு நாள் அவள் கதவைத் தட்டி, "நானும் இங்க கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் திரும்பி வர வேண்டும், அதுதான் உங்களுக்குச் சிரமம். சரி என்றால் ஒன்றும் பேசாமல் படுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோடையாக இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பயத்தை அவளிடம் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொன்னீர்களா? கட்டம் போட்ட சார்ட்டில் அதை அவள் எப்படிப் படித்திருக்க முடியும்?

அடுத்த விடுமுறைக்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதற்காக அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் வாருங்கள், இந்த முறை எல்லாரிடமும் சொல்லிவிட்டு. சின்னவன் பையைத் தூக்கிப் பார்த்தால் லேசாகத்தான் இருக்கும். ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம், முடிந்தால் அந்த ஐந்து எவை என்று எழுதி அனுப்புங்கள். தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்